மூன்றாவது எஸ்தர்

வெந்த மண் தட்டை ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டுப் பெயர் எழுத உட்கார்ந்தாள் எஸ்தர். விருத்தாசலத்துச் செராமிக் பட்டறையில் இருபத்தாறு வருஷமாகப் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிறவள். சபைக்குப் பெருமை சேர்த்த மூன்று எஸ்தர்களின் பெயரைத் தட்டில் எழுதி ஆலயச் சுவரில் பதிக்கப்போகிறார்கள். ஒருத்தி டாக்டர், ஒருத்தி தாசில்தார். மூன்றாவது, டிராயிங் டீச்சர் எஸ்தர் கிருபாவதி.

எட்டாம் வகுப்பில் இவளும் கிருபாவதியும் ஒரே பெஞ்சு. இவள் வரைந்த படத்துக்கு மாவட்டத்தில் முதல் பரிசு வந்தது. சான்றிதழில் வெறும் எஸ்தர் என்றுதான் இருந்தது. போதகர் மகளான கிருபாவதி எழுந்துபோய் வாங்கிக்கொண்டாள். அதைக் காட்டித்தான் ஓவியப் படிப்பில் சேர்ந்தாள்.

இரண்டு பெயர்களைச் சூளைச் சூட்டுக்கு நிற்கும் நீலச் சாயத்தில் எழுதினாள். மூன்றாவதை மட்டும் பேனா மையில் எழுதினாள். சூளைக்குள் மை எரிந்துபோகும் என்பது பட்டறையில் எல்லாருக்கும் தெரியும். கிருபாவதிக்குத் தெரியாது.

திறப்புவிழா அன்று காலையில் தட்டை வாங்க வந்தாள் கிருபாவதி. மூன்றாவது வரி வெள்ளையாக இருந்தது.

"என் பேரு எங்கடி?"

"சூளையில போயிடுச்சுங்க டீச்சர்."

"மத்த ரெண்டும் அப்படியே இருக்குதே."

"அவங்க ரெண்டு பேரும் எங்கிட்டருந்து எதையும் எடுத்துக்கலயே."

கிருபாவதி குரலைத் தாழ்த்தினாள். "அந்தப் படம் உன்னுதுன்னு இன்னிக்கு சபையில சொல்லிடறேன். வேற தட்டு எழுதித் தரியா?"

எஸ்தர் அதே தட்டைப் பழைய பேப்பரில் சுற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு, அறையை விட்டு வெளியே போனாள்.