மகுட வரி

என் கையெழுத்து கோணலாக இருக்கும். பிழையும் நிறைய வரும். எந்த இடத்தில் பெரிய ‘ற’ போடுவது என்று இன்றுவரை எனக்குத் தடுமாற்றம்தான். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வேறு எதற்கும் நான் மன்னிப்புக் கேட்பதாக இல்லை.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் நான் அட்டெண்டராக இருந்தேன். எம்.பி.ஏ. படிக்க விண்ணப்பம் போடுகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் இடம் அது. நம் நாட்டுப் பெண்கள் வெளிநாடு போய் அழகிப் பட்டம் வாங்கி வந்து, டிவியைத் திறந்தால் மகுடமும் கண்ணீருமாக இருந்த வருடங்கள். பயிற்சியை நடத்திய மேடம் இளவயதில் ஏதோ மாதர் சங்கத்து அழகிப் போட்டியில் மூன்றாவதாக வந்தவர். அந்த மூன்றாம் இடத்தை வைத்தே மிச்ச வாழ்க்கையை ஓட்டிக்கொண்டிருந்தார்.

“ரெண்டும் ஒண்ணுதான். மேஜைக்கு அந்தப் பக்கம் மூணு பேர் உக்காந்திருப்பாங்க. காலையிலேர்ந்து போரடிச்சுப் போயிருப்பாங்க. கேள்விக்குப் பதில் சொல்லாதீங்க. கேக்கறவரை ஜெயிங்க” என்பார்.

திருநீர்மலைப் பக்கம் வயலை மனையாக விற்றவர்களின் பிள்ளைகள் தலையில் டெலிபோன் டைரக்டரியை வைத்துக்கொண்டு அறைக்குள் நடப்பார்கள். வாசலில் நின்று மனதுக்குள் மூன்று எண்ணிவிட்டு உள்ளே வர வேண்டும். சிரிப்பு கலையாமல் நிற்க, உதடு பல்லில் ஒட்டாதபடி வாசலைனைப் பல்லில் தடவிக்கொள்ள வேண்டும். வட்டி ஏறினால் வியாபாரம் என்ன ஆகும் என்று கேட்டால், “நல்ல கேள்வி சார்” என்று ஆரம்பித்து அம்மாவில் முடிக்க வேண்டும். போட்டோவுக்கு எல்லோருக்கும் ஒரே கோட்டுதான். ஒல்லியானவனுக்கு முதுகுப் பக்கம் துணி கிளிப் போட்டு இழுத்துப் பிடிப்பது என் வேலை. மே மாத வெயிலில், கரண்ட் இல்லாத மாடியில், கிளிப்போடு வியர்த்து நிற்கும் வருங்கால மேனேஜர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மரியாதை வரவில்லை.

இதற்கெல்லாம் மேலே மகுட வரி என்று ஒன்று. போட்டியில் ஒவ்வொரு பெண்ணைப் பற்றியும் மேடையில் ஒரு வரி சொல்வார்களாம், அதைக் கேட்டு கூட்டம் உருக வேண்டுமாம். அதேபோல விண்ணப்பத்திலும் உருகுவதற்கு ஒரு வரி வேண்டும். சோகமே இல்லாத பையன்கள் மேடத்தின் முன்னால் தலையைச் சொறிவார்கள். நான்கு லாரிக்குச் சொந்தக்காரர் ஒருவர், மகனின் விண்ணப்பத்தில் லாரி டிரைவராக மாறினார். அவருக்கும் ஆட்சேபம் இல்லை.

என் தங்கையை நான்தான் அங்கே சேர்த்தேன். பி.காம். முடித்து, திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் ஸ்டோர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா ஒரே ஒரு வருடம் தவணை கொடுத்திருந்தார். இடம் கிடைக்காவிட்டால், தை மாதம் படப்பை மாப்பிள்ளையோடு கல்யாணம். அந்தப் பட்டறையில் எந்த மிஷின் ஏன் சும்மா கிடக்கிறது, மாசக் கடைசியில் மட்டும் போல்ட்டுக்கு ஏன் தட்டுப்பாடு வருகிறது என்று அவள் கணக்காகச் சொல்வாள். சொந்தமாகவே கண்டுபிடித்தவள். அதை எழுதட்டுமா என்று மேடத்திடம் கேட்டாள்.

“நட்டு போல்ட்டா? அதுக்கு யாரும்மா அழுவா?” என்றார் மேடம். அப்போது நான் டீ கொண்டுபோனேன். மேடம் என்னை மேலும் கீழும் பார்த்தார். கோட்டை எடுத்து ஒருவனுக்குப் பொருந்துமா என்று பார்ப்பாரே, அந்தப் பார்வை.

ஒரு வாரம் கழித்து பஸ் ஸ்டாண்டில் தங்கை சொன்னாள். “உன்னைப் பத்தி எழுதியிருக்குண்ணா. எழுதப் படிக்கவே தெரியாத அண்ணன், டீ தூக்கி என்னைப் படிக்க வெச்சாருன்னு.”

“அஞ்சாவது வரைக்கும் படிச்சிருக்கேனே.”

“மேடம்கிட்ட சொன்னேன். அஞ்சாங்கிளாஸ்னா ரெண்டுங்கெட்டானாம். எடுபடாதாம்.”

தினமும் டீக்கடையில் பேப்பரை முதல் வரியிலிருந்து கடைசி விளம்பரம் வரை படிக்கிறவன் நான். வந்த பஸ்ஸின் போர்டைப் படித்து ஏறிக்கொண்டேன். கூச்சக்காரனுக்கு ஒரு வசதி, அவன் சும்மா இருந்தால் சம்மதம் என்று எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள்.

நேர்முகத் தேர்வு நாவலூர்ப் பக்கம், சவுக்கும் மணலுமான ஓர் இடத்தில், பாதி கட்டி முடித்த ஒரு கல்லூரியில். கேட்டில் வாட்ச்மேன் நோட்டை நீட்டினான். பெயர், ஊர், நேரம் எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவளை உள்ளே அனுப்பிவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். அரை மணியில் ஒரு கிளார்க் வந்து, என்னையும் கூப்பிடுகிறார்கள் என்றான்.

மூன்று பேர். நடுவில் இருந்தவர் நாற்காலியைக் காட்டினார். “நீங்கதானா அந்த அண்ணன்? படிக்கவே தெரியாதா உங்களுக்கு?”

அவர் கைக்குக் கீழே தமிழ்ப் பேப்பர் கிடந்தது. செம்பரம்பாக்கம் ஏரியில் தண்ணீர் குறைந்துவிட்டது என்ற தலைப்பை நான் தலைகீழாகவே படித்து முடித்திருந்தேன். தங்கை என்னைப் பார்க்கவில்லை.

“தெரியாது சார்.”

“பஸ்ல எப்படி ஏறுவீங்க?”

“அடையாளம் வெச்சு ஏறுவேன் சார்.”

அந்த இரண்டாவது பொய் யாரும் சொல்லிக்கொடுக்காமலே வந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அத்தனை படித்த மூன்று பேர், பட்டறையில் என்ன வேலை செய்தாய் என்று அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். பிறகு அவள்தான் சொன்னாள்.

வெளியே வரும்போது அந்த நடு ஆள் சிகரெட்டோடு எங்கள் பின்னாலேயே வந்தார். வாட்ச்மேன் நோட்டைத் தள்ளினான். “போற டைம் போட்டு கையெழுத்து வை.”

“ரேகை வெக்கட்டுமா?” என்றேன்.

“இன்னாண்ணா, உள்ள போவ சொல்லோ கோழி கிளறின மாதிரி நீயேதான எழுதினே? இப்ப இன்னா கட்டை விரலைக் காட்ற? பேஜாரா கீதே.”

சிகரெட் பத்தடி தூரத்தில் இருந்தது. தங்கை முன்னால் வந்தாள். “அது நான் எழுதினதுங்க” என்று வாட்ச்மேனைப் பார்த்து, வாசலைன் காயாத அந்தச் சிரிப்பைச் சிரித்தாள். மூன்று எண்ணும் நேரம் அது அப்படியே நின்றது. அவன் குழம்பிப்போய், கட்டட வேலைக்காரர்களுக்கு வைத்திருந்த மைப்பெட்டியை எடுத்து வைத்தான். நான் விரலை அழுத்துவதைக் கிட்டே வந்து பார்த்த சிகரெட்காரர், என் தோளைத் தட்டிக்கொடுத்தார். நல்ல மனிதராகத் தன்னை உணர்ந்திருப்பார். அவருக்கும் அதற்கு ஒரு ஆள் தேவைப்பட்டிருக்கிறது.

இடம் கிடைத்தது. படப்பைக்காரர்கள் வேறு பெண் பார்த்துக்கொண்டார்கள். மேடம் தங்கையின் கோட்டுப் போட்டோவைச் சுவரில் மாட்டி, அடுத்த கும்பலுக்கு என்னைக் காட்டிப் பாடம் நடத்தினார். “இவர்தான் அந்த வரி” என்றார். பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். கையில் டீத்தட்டு இருந்ததால் என்னால் முகத்தைத் துடைத்துக்கொள்ளவும் முடியவில்லை. அந்த மாதமே நின்றுவிட்டேன்.

ஆறு மாதம் கழித்து, அம்மா கொடுத்த பருப்புப் பொடியோடு அவளுடைய ஹாஸ்டலுக்குப் போனேன். இரண்டு தோழிகளோடு வந்தாள். இளைத்திருந்தாள். படிப்பு கஷ்டமாக இருக்கிறது, ஆனால் பிடித்திருக்கிறது என்றாள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. எதிரே சுவரில் தமிழிலும் இங்கிலீஷிலும் ஒரு போர்டு. என் கண் அங்கே போவதை அவள் பார்த்துவிட்டாள்.

“பார்வையாளர்கள் அஞ்சு மணிக்குள்ள கிளம்பணும்னு போட்டிருக்குண்ணா” என்றாள், ஒவ்வொரு வார்த்தையாக, பொறுமையாக.

தோழிகள் என்னை இரக்கத்தோடு பார்த்தார்கள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அந்த வாசலைன் சிரிப்பு அங்கே இல்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

“சரிம்மா” என்றேன். மணி நாலுகூட ஆகவில்லை. கிளம்பிவிட்டேன்.

21 நவம்பர் 1999, ஞாயிற்றுக்கிழமை.