கற்பூரவல்லி கொதிக்கும் வாசனை

கற்பூரவல்லியும் துளசியும் சுக்கும் ஒன்றாகக் கொதிக்கும் வாசனை நெஞ்சுச் சளியைக் கரைக்கும், மனத்தை ஆற்றும் என்பார்கள். எனக்கு அது நெஞ்சை அடைத்தது. எங்கள் பட்டினச்சேரியில் அந்தத் தண்ணீரைச் சும்மா வைக்கமாட்டார்கள். கடலுக்குப் போன கட்டுமரம் நேரத்துக்குத் திரும்பாவிட்டால்தான் அந்த வீட்டு அடுப்பில் சட்டி ஏறும். விறைத்து வருகிறவருக்குச் சூடாகக் கொடுக்க வேண்டும். வரும்வரை அடுப்பு அணையக் கூடாது. வாசனை தெருவில் பரவியதும் பெண்கள் ஒவ்வொருவராக வந்து வாசலில் உட்கார்ந்துவிடுவார்கள். யாரும் கூப்பிட வேண்டியதில்லை. அப்பாவுக்காக அம்மா சட்டியேற்றிய நாட்களில் என் விரல்கள் சில்லிட்டுப்போகும்.

எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். காரைக்காலில் பிரெஞ்சு ஆட்சி இருந்த கடைசி வருடங்களில் பிரவே என்ற பிரெஞ்சுப் பள்ளிப் பரீட்சைக்குப் போனேன். வாய்மொழித் தேர்வு நாளன்று காலையில் நான் கிளம்பியபோது அப்பா இன்னும் கரை சேரவில்லை. வரிசையில் நின்றிருந்தேன். பள்ளிக்குப் பின்னால் யார் வீட்டிலோ இருமலுக்கு அதே தண்ணீரைக் கொதிக்கவைத்தார்கள். வாசனை மூக்கில் ஏறியதும் அப்பாவுக்கே சட்டி ஏறியதுபோல இருந்தது. அடுத்து என் பெயர்தான். ஓடிவிட்டேன். அரசலாற்றுப் பாலம், திருமலைராயன்பட்டினம், எங்கும் நிற்கவில்லை. அப்பா கரையில் வலையை உதறிக்கொண்டிருந்தார்.

“எவனுக்கோ இருமல்னா நீ ஏண்டா ஓடியாந்தே?” என்று சிரித்தார். பரீட்சை போய்விட்டது என்று புரிந்ததும் சிரிப்பு நின்றது. மறுநாள் அப்பா வீட்டில் இருக்கும்போதே அம்மா சட்டியை ஏற்றினாள். வாசனையை எனக்குப் பழக்கிவிட நினைத்தாள்.

பக்கத்து வீட்டு அத்தை பதறிக்கொண்டு வந்தாள். “அண்ணன் காலை நீட்டிப் படுத்திருக்கு, இந்த வாசத்த ஏன் அண்ணி கெளப்புறீங்க? கடலுக்கும் மூக்கு இருக்கு.”

“இருக்கட்டும். எம்புள்ள மூக்குதான் எனக்குப் பெருசு.”

தினமும் ஒரு தம்ளர். “காணாமப் போவாமயே எனக்கும் கெடைக்குது” என்பார் அப்பா. முதலில் குமட்டியது. பிறகு மெல்ல மூச்சு இறங்கியது, விரல்களில் சூடு தங்கியது. மறுவருடம் அதே வரிசையில் நின்று தேறினேன்.

அந்த ஐப்பசியில் ஒருநாள் காற்று முறுக்கிக்கொண்டது. உச்சிப்பொழுது தாண்டியும் அப்பா வரவில்லை. அம்மா சட்டியை ஏற்றினாள். வாசனை தெருக்கோடிவரை போயிருக்கும். யாரும் வரவில்லை. வழக்கமான தண்ணீர் என்று இருந்துவிட்டார்கள். அத்தை வீட்டில் அம்மியில் அரைக்கும் சத்தம் கேட்டது. அப்பா கடலில், என் உடம்போ பழகிய வாசனையில் சாவதானமாக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. அந்த நிம்மதியைப் போல என்னைப் பயமுறுத்தியது வேறெதுவும் இல்லை.

எழுந்துபோய், “அத்தே, இன்னிக்கு நெசமாவே” என்றேன். அத்தை மசாலாக் கையைக் கழுவாமல் வந்தாள். பிறகு தெருவே வந்தது. பொழுது சாய அப்பா கரையேறினார், பாய் கிழிந்து, உதடு நீலம் பாய்ந்து.

இன்று நான் காரைக்காலில் எழுத்தர். அப்பா இன்னும் கடலுக்குப் போகிறார். அந்த வாசனை தெருமுனையில் வந்துவிடுமோ என்று மாலைதோறும் மூச்சை இழுத்துப் பார்த்துக்கொண்டே வீடு திரும்புகிறேன். இந்தப் பயம் நானே கேட்டு வாங்கிக்கொண்டது. அப்பா பிழைத்து வந்த மறுநாள் அம்மா வழக்கம்போல இலை பறிக்கக் குனிந்தபோது அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“தெனம் வேண்டாம்மா. எனக்குப் பயம் வந்தாப் பரவால்ல. அத்தை வரணும்.”