பெயருக்கு விட்ட இடம்

பெயரைக் கடைசியில்தான் வெட்டுவார் சிலாஸ். சைனிக்புரி போகிற சாலையோரத் தகரக் கொட்டகையில் கருங்கல் பலகையைச் சாய்த்து வைத்து, மற்ற வாசகங்களை எல்லாம் செதுக்கி முடிப்பார். பெயருக்கு விட்ட இடம் வந்ததும் உளியை வைத்துவிட்டுக் கை கழுவுவார். பெயரைச் சாக்பீஸால் எழுதி, அதன்மேல் உள்ளங்கையை வைத்து, பெயருக்கு உரியவருக்காக ஜெபம் பண்ணுவார். அப்புறம் உளி. கல்லறைக் கல்லோ, கல்லூரிக் கல்லோ, எல்லாவற்றுக்கும் இதே முறைதான். “பேருன்னா ஆளுங்க. ஆளு மேல சும்மா உளி வைக்கலாமா?” என்பார்.

ஜூலை பிறந்தால், நன்கொடை கொடுத்தவர் பெயர் பொறிக்கும் கல்லூரிக் கற்கள் வரும். ஒருவர் நூலகம் கட்டித் தருவார், ஒருவர் குடிநீர்த் தொட்டி. கல் எவ்வளவு அவசரமோ, அந்த வீட்டுப் பிள்ளைக்கு மார்க் அவ்வளவு குறைவு என்று சொல்லிச் சிரிப்பார்.

இந்த வருஷம் அந்தச் சிரிப்பு வரவில்லை. மகள் ஸ்டெஃபி கேட்ட கம்ப்யூட்டர் பிரிவில் மிச்சம் ஒரே இடம். காத்திருப்போர் பட்டியலில் அவள்தான் முதல். அதே கல்லூரியிலிருந்து ஆர்டர் வந்தது. புது ஆய்வகம், கொடுப்பவர் கொண்டாப்பூர் கிருஷ்ணகுமார். அந்த இடம் அவர் மகனுக்குப் போகிறது என்று கல்லூரி ஆபீஸ் பாபு போனில் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

“அந்தக் கல்லு நமக்கு நக்கோ. வேணாம்னு சொல்லிருங்க,” என்றாள் மனைவி பியூலா. “நம்ம புள்ள சீட்டை நீங்களே செதுக்கிக் குடுக்கிறதா? கைக்கு, எதுக்குங்க?”

வாக்குக் கொடுத்தாயிற்றே என்று சிலாஸ் செதுக்கினார். பெயர்தான் பாக்கி. அன்று கையை வெகுநேரம் கழுவினார்.

“இன்னும் அழுக்குப் போகலையா?” என்று குத்தினாள் பியூலா.

சாக்பீஸ் பெயர்மேல் கை வைத்தார். “ஆண்டவரே, இந்தக் கிருஷ்ணகுமார் சார் குடும்பத்த ஆசீர்வதியும். அவர் பையனுக்கு நல்ல எடமா அமையட்டும். நல்லாப் படிக்கட்டும்...” அந்நேரம் செல்போன் அடித்தது.

பாபுதான். கல் வேலையை நிறுத்தச் சொன்னார். பையனுக்குப் பெங்களூரில் இடம் கிடைத்துவிட்டதாம். இங்கே ஆய்வகமும் இல்லை, கல்லும் இல்லை. பட்டியல் நகர்ந்துவிட்டது, ஸ்டெஃபியை உடனே வரச் சொன்னார்.

கொட்டகை அமளிப்பட்டது. ஸ்டெஃபி ஒற்றைச் செருப்போடு ஓடிவந்து, “சச்சி, டாடி? நெசமாவா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பியூலா அழுதுகொண்டே சிரித்தாள். பக்கத்து டயர் கடை நஸ்ரினுக்கு இங்கிருந்தே சேதி சொன்னாள். சர்டிபிகேட் பை கிடைத்தது. ஆட்டோ வந்தது.

“வேலை லுங்கியோடயா வர்றது?” என்றார் சிலாஸ்.

“ஹவ், ஆமா, அப்படியே ஏறுங்க!” என்றாள் பியூலா.

ஒரு காலை உள்ளே வைத்தவர் சட்டென்று இறங்கிக் கொட்டகைக்கு ஓடினார். ஆட்டோக்காரர் ஹாரனை அழுத்தினார். சிலாஸ் கல்லின் முன் குனிந்து, சாக்பீஸ் பெயர்மேல் மறுபடி உள்ளங்கையை வைத்தார். பாதியில் விட்ட ஜெபத்துக்கு “ஆமென்” சொன்னார். பிறகு ஈரத்துணியால் அந்தப் பெயரை மெல்லத் துடைத்தார்.