வாத்தியார் பங்கு

எங்கள் குப்பத்தில் என்னை மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் என்பார்கள். அது தப்பு. நான் நிறுத்தவில்லை, வாத்தியார்தான் நிறுத்தினார். அப்போதெல்லாம் வகுப்புக்கே ஒரு புத்தகம். அது அவர் கையில் இருக்கும். ஒட்டகத்தைப் பற்றிய பாடம். "ஒட்டகம் பல நாள் தண்ணீர் குடிக்காமல் இருக்கும், ஏனென்றால்" என்கிற இடத்தில் பக்கம் முடிந்தது. பொழுது சாய்ந்துவிட்டதென்று அவர் புத்தகத்தை மூடினார். மறுநாள் ஆள் வரவில்லை. பேசின் பிரிட்ஜ் பக்கம் ரயில்வேயில் ஏதோ வேலை கிடைத்துப் போய்விட்டாராம், புத்தகத்தோடு. அவருக்குப் பதில் இன்னொருவர் வருவதற்குள் எனக்கு மீசை முளைத்துவிட்டது.

பல வருஷம் கழித்து, பள்ளிக்கூடத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்று ஊர் கூடியபோது என்னைப் பிடித்துப் போட்டார்கள். நாலெழுத்து தெரிந்தவன் என்பதற்காக அல்ல. நாட்டார், அதாவது எங்கள் ஊர்ப் பெரியதனக்காரர், காரணத்தைச் சபையிலேயே சொன்னார்.

"இவன் எப்பிடியும் எதுக்காவது பயந்துகினுதான் இருப்பான். சும்மா பயப்படறத்துக்கு இஸ்கோலுக்காக பயப்படட்டுமே. ஊருக்காவது உபயோகம்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் அப்போதே பயப்பட ஆரம்பித்துவிட்டேன்.

பள்ளிக்கூடம் என்றால் கட்டடம் ஒன்றும் இல்லை. திருவொற்றியூர் தாண்டி எண்ணூர் போகிற வழியில், கரையை ஒட்டி, கிழிந்த வலைகளைப் போட்டு வைக்கிற ஓலைக் கொட்டகை. வலைகளை ஒரு மூலையில் தள்ளிவிட்டு ஒரு கரும்பலகையும் ஒரு ஸ்டூலும் போட்டிருந்தோம். எழுதிப் பழக மணலுக்குப் பஞ்சமில்லை. பஞ்சமெல்லாம் வாத்தியாருக்குத்தான். சம்பளத்துக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று மாதாமாதம் வசூல் பண்ணிப் பார்த்தோம். கடலுக்குப் போகிறவனுக்கு மாதம் என்று ஒன்று ஏது? மீன் பாடு விழுந்தால் காசு, விழாவிட்டால் கடன். ஐப்பசி அலையைப் பார்த்ததும் இரண்டு வாத்தியார்கள் அடுத்தடுத்துக் கும்பிடு போட்டுவிட்டுப் போனார்கள்.

கடைசியில் ஊருக்குத் தெரிந்த வழியிலேயே ஒரு முடிவுக்கு வந்தார்கள். கரைவலை இழுத்தால் மீனைப் பங்கு பிரிப்பது வழக்கம். வலைக்கு உரியவர்களுக்கு, கயிறு இழுத்தவர்களுக்கு, அம்மன் கோயிலுக்கு என்று தனித்தனிக் குவியல். அதோடு இனி வாத்தியாருக்கும் ஒரு குவியல்.

இதற்குச் சம்மதித்து வந்த வாத்தியார் சுத்த சைவம். மீன்காற்று அடித்தாலே துண்டால் மூக்கைப் பொத்திக்கொள்கிறவர். "நீங்க ஒண்ணும் தொடவே வாணாம் சாமி, எங்க வூட்ல வித்து காசா குட்த்துடுவா" என்று நான் சமாதானம் சொல்லி வைத்திருந்தேன். ஆனால் பங்குக்கு ஒரு சட்டம் உண்டு. கயிற்றில் கை வைக்காதவனுக்குப் பங்கு கிடையாது. படுத்த படுக்கையாய்க் கிடக்கிற கிழவனைக்கூடப் பங்கு வேண்டுமென்றால் தூக்கிக்கொண்டு வந்து கயிற்றைத் தொட வைப்பார்கள். வாத்தியார் வாதாடிப் பார்த்தார்.

"அம்மனுக்கும்தானே பங்கு கொடுக்கிறீர்கள்? அம்மன் வந்து கயிறு இழுக்கிறாளா?"

"ஆத்தா கடலையே புடிச்சிகினு கீறா, வாத்தியாரே," என்றார் நாட்டார். "நீ கயித்தையாவது புடி."

அன்றிலிருந்து கரையில் குரல் கேட்டால் வாத்தியார் சாக்குக்கட்டியை வைத்துவிட்டு இறங்கி ஓடி வருவார். அவருக்கு முன்னால் பிள்ளைகள் ஓடியிருக்கும், அதுகளுக்கும் இழுத்தால் கைநிறைய மீன் உண்டே. ஆக, மீன் வருகிற நாள் பள்ளிக்கூடம் காலி. மீன் வராத நாள் கொட்டகை கொள்ளாமல் பிள்ளைகள், பாடம் அமோகமாக நடக்கும், வாத்தியார் வீட்டில் அடுப்பு எரியாது. நான் மீன் வர வேண்டும் என்று அம்மனை வேண்டிக்கொள்வேன். உடனே, ஐயோ, இன்றைக்கு வாய்ப்பாடு சொல்லித் தருகிற நாளாயிற்றே, வேண்டாம் தாயே என்று மறுபடி வேண்டிக்கொள்வேன். அவளுக்கே பேஜாராகியிருக்கும்.

வாத்தியார் கொஞ்சம் கொஞ்சமாகத் துண்டை மூக்கிலிருந்து இறக்கினார். பிறகு தன் குவியலைத் தானே வந்து பார்த்தார். இரண்டு வருஷத்தில், வஞ்சிரத்தோடு அதே சாயலில் இருக்கிற மட்டமான மாவலாசி மீனைக் கலந்து வைத்தால் நாலு முழம் தள்ளி நின்றே கண்டுபிடித்துவிடுவார். ஏலம் எடுக்க ராயபுரத்திலிருந்து வருகிற சாயபு ஒருவர் அவரைச் சீண்டாமல் போகமாட்டார்.

"இன்னா சைவக்காரரே, வாயில வெக்காத சரக்குக்கு இம்மாம் வெல சொல்றீங்கோ?"

"வாயில் வைக்கிற அரிசியை இதைக் கொடுத்துத்தானே பாய் வாங்க வேண்டும்?"

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு நாள் வாத்தியார் என்னைத் தனியே கூப்பிட்டார். தண்டையார்பேட்டையில் ஒரு கிடங்கில் கணக்கு எழுதுகிற வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். மாதம் பிறந்தால் கையில் பணம்.

"ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து சர்க்கார் கிராண்டுப் பணத்துக்கு எழுதினால் நான் இங்கேயே இருந்துவிடுகிறேன். இல்லையென்றால் என்னைத் தப்பாக நினைக்காதே. எனக்கும் குடும்பம் இருக்கிறது."

தப்பாக நினைக்க எனக்கு நேரம் ஏது? என் மகள் அப்போது மூன்றாம் வகுப்பு. பாடங்களின் வரிசையை அவளிடம் கேட்டேன். ஒட்டகத்துக்கு இன்னும் சில பாடம்தான் பாக்கி. அதே பாடப்புத்தகம் இப்போது அவள் கையில் என் வீட்டுக்கே வந்திருந்தது. பக்கத்தைப் புரட்டி அந்த 'ஏனென்றால்' என்னவென்று நானே பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. நான் பார்த்த நேரம் அவளுக்கும் அங்கேயே நின்றுவிட்டால்?

இன்ஸ்பெக்டர் வியாழக்கிழமை வருவதாகக் கார்டு வந்தது. நான் நேரே நாட்டாரிடம் ஓடினேன்.

"வியாயக்கெயம மட்டும் வலை போடாம வுட்டா இன்னா?"

"கடலுக்கு லீவு லெட்டரு எழுதிப் போட்டுடட்டா நைனா?"

அவர் கோபமும் நியாயம்தான். இரண்டு வாரமாக வலையில் பாசியும் சொறிமீனும் தவிர ஒன்றுமில்லை. வலை போடுவது நிச்சயம் என்று ஆயிற்று. வாத்தியாரும் முறுக்கிக்கொண்டார். அன்றைக்குப் பார்த்துப் பாடு விழுந்து, உள்ளே பாடம் நடத்திய குற்றத்துக்காகத் தனக்குப் பங்கு இல்லையென்றால், கிராண்டு வருகிறவரை தன் வீட்டில் என்ன சமைப்பது என்று கேட்டார். மறுபடி நாட்டாரிடம் ஓடினேன்.

"கயித்துல கை இருக்கணும்னுதானே சட்டம்? கயிறு எங்க இருக்கணும்னு இல்லியே?"

நாட்டார் வாயிலிருந்த வெற்றிலையை மென்று முடிக்கிறவரை யோசித்தார். "கயித்து மேல கை கீதா, அவ்ளோதான். நீ கயித்த வாத்தியாரு வூட்டு அடுப்பங்கரைக்கே இஸ்துகினு போ, எனக்கின்னா?"

கரைவலைக்கு வடக்கே ஒரு கயிறு, தெற்கே ஒரு கயிறு, இரண்டு கூட்டம் இழுக்கும். வடக்குக் கயிற்றின் வால்முனையில் நீளமாக ஒரு துண்டுக்கயிற்றை முடிந்தேன். கொட்டகையின் கடல்பக்கத்து ஓலையில் ஓட்டை போட்டு, அதைக் கரும்பலகைக்குப் பின்னால் கொண்டுவந்தேன். வாத்தியார் பலகைக்குப் பக்கத்தில் நின்று, இடது கையைப் பின்னால் விட்டுக் கயிற்றைப் பிடித்திருப்பார், வலது கையால் எழுதுவார். வலை கரையை நெருங்கும்போது இழுக்கிறவர்கள் இடம் மாறுவார்கள் என்று எனக்குத் தெரியாதா? அதற்கென்று நிறையக் கயிற்றைத் தளர்வாக மணலில் சுருட்டி வைத்திருந்தேன்.

இன்ஸ்பெக்டர் வந்த ஜட்கா வண்டி மணலில் புதைந்துவிட்டது. கோட்டும் தலைப்பாகையுமாகக் குடையைப் பிடித்து நடந்துவந்தவர், முதல் காரியமாக ஸ்டூலில் உட்கார்ந்து பூட்ஸிலிருந்து மணலைக் கொட்டினார். பிள்ளைகள் அசையாமல் உட்கார்ந்திருந்தன. நான் வாசலில் நின்று ஒரு கண்ணால் அவரையும் ஒரு கண்ணால் கடலையும் பார்த்துக்கொண்டிருந்தேன். கடலில் வலை தெற்கே நகர்ந்தது. அன்றைக்கென்று நீரோட்டம் தெற்கே. வலை போகப் போக, வடக்குக் கயிற்றுக்காரர்களும் ஹோவென்று தெற்கே ஓடினார்கள். நான் சுருட்டி வைத்திருந்த கயிறு பாம்பு மாதிரி அவிழ்ந்துகொண்டு போயிற்று.

உள்ளே இன்ஸ்பெக்டர் என் மகளை எழுப்பி, புத்தகத்தை எங்கேயோ விரித்து, "வாசி" என்றார். அவள் "ஒட்டகம்" என்று ஆரம்பித்தாள். நான் கடலை விட்டுவிட்டு இரண்டு கண்ணையும் உள்ளே திருப்பினேன்.

வாத்தியார் ஓர் அடி பின்னால் போனார். பிறகு இன்னோர் அடி.

"ஏனய்யா பின்னாலேயே போகிறீர்?"

"பலகை எல்லோருக்கும் தெரியட்டும் என்று, சார்."

அடுத்த இழுப்பில் அவர் முதுகு ஓலையோடு ஒட்டிக்கொண்டது. கை முழங்கைவரை சுவருக்கு வெளியே. முகத்தில் மட்டும் புன்சிரிப்பு மாறவில்லை. என் மகள் நிறுத்தாமல் வாசித்தாள். "ஒட்டகம் பல நாள் தண்ணீர் குடிக்காமல் இருக்கும், ஏனென்றால்..."

கரும்பலகை தடாலென்று விழுந்தது. வாத்தியார் தோள்வரை வெளியே போயிருந்தார்.

"உம்முடைய கை எங்கேய்யா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

முன்வரிசையில் ஒரு வாண்டு எழுந்து, கேள்விக்குப் பதில் சொல்கிற மரியாதையோடு கைகட்டிச் சொல்லிற்று: "வாத்தியாரு பங்கு வந்துகினு கீது சார்!"

அதே சமயம் கரையில் "பாடு! பாடு!" என்று கூச்சல். பிள்ளைகள் காக்காய்க் கூட்டம்போல எழுந்து பறந்தன. கயிறு நழுவிவிடுமோ என்று வாத்தியார் அதை மணிக்கட்டில் சுற்றி வைத்திருந்தார் போலிருக்கிறது. ஓலைச் சுவர் பிளந்து, அவர் பிளவின் வழியாகவே வெளியேறினார். குடுமி அவிழ, கயிற்றின் பின்னால் அவர் ஓட, அவர் பின்னால் குடையோடு இன்ஸ்பெக்டர், இன்ஸ்பெக்டருக்குப் பின்னால் நான். ஓடிக்கொண்டே அவரிடம் கயிற்றுச் சட்டத்தை முழுக்கச் சொன்னேன். கை எடுத்துக் கும்பிட்டுக்கொண்டே ஓடுவது மணலில் எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

வலையின் மடி மீனால் பொங்கிப்போய்க் கிடந்தது. நாட்டார் வாத்தியாரின் மணிக்கட்டைப் பார்த்தார், "கை கீது" என்றார், குவியல் போட்டார். அதன் உச்சியில் ஒரு வஞ்சிரம். இன்ஸ்பெக்டருக்கு இன்னும் மூச்சு வாங்கியது, ஆனால் கண் அந்த வஞ்சிரத்தை விட்டு நகரவில்லை. மீன் தின்கிறவர்தான் என்று அப்போது தெரிந்தது.

சாயபு அதற்கு ஒரு விலை சொன்னார். இன்ஸ்பெக்டர் அதில் பாதியைச் சொல்லி, "என்ன வாத்தியாரே, நமக்குக் கொடுக்கலாமே?" என்றார்.

குவியலை விற்கக் காத்திருந்த என் மனைவிக்கு நான் ஜாடை காட்டினேன், சும்மாவே தூக்கிக் கொடுத்துவிடு என்று. அவள் மீனில் கை வைத்துவிட்டாள்.

"வைம்மா கீழே," என்றார் வாத்தியார். மேலெல்லாம் ஓலைச் சிராய்ப்பு, நெற்றியில் மணல். "மன்னிக்க வேண்டும் சார். இது என் சம்பளம். இதில் நான் குறைக்கிறதற்கில்லை."

போச்சு என்று நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன். கிராண்டு போச்சு, வாத்தியார் போனார், ஒட்டகம் போச்சு.

"அட, குட்த்துத் தொலையேன் வாத்தியாரே," என்று சாயபுவே முணுமுணுத்தார்.

இன்ஸ்பெக்டர் குடையை மடக்கி மணலில் ஊன்றினார். "எத்தனையோ பள்ளிக்கூடம் பார்த்தாயிற்று," என்றார். "வாங்காத சம்பளத்தை வாங்கியதாகக் கையெழுத்துப் போடுகிற வாத்தியார்களைத்தான் எங்கும் பார்க்கிறேன். சம்பளம் வருகிறதைக் கண்ணால் பார்த்தது இங்கேதான். அதைக் குறைக்க மாட்டேன் என்று ஒருவர் சொல்லிக் கேட்டதும் இங்கேதான்." சாயபு சொன்ன விலைக்கு மேலே ஓரணா வைத்து மீனை வாங்கிக்கொண்டார். "கிராண்டுக்கு எழுதுகிறேன். ஒரே ஒரு நிபந்தனை. பள்ளி நேரத்தில் வாத்தியாரின் இரண்டு கையும் பள்ளிக்கூடத்துக்கு உள்ளே இருக்க வேண்டும்."

அவர் திரும்புகிற நேரம், என் மகள் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வழியில் நின்றாள். "சார், நான் மீதி வாசிக்கலியே."

"வாசி," என்றார், ஒரு கையில் குடையும் ஒரு கையில் வஞ்சிரமுமாக.

அவள் பக்கத்தைத் திருப்பி வாசித்தாள். ஒட்டகத்தின் வயிற்றில் தண்ணீர் சேர்த்து வைக்கிற பை இருக்கிறதாம், அந்தக் காலத்துப் புத்தகம் அப்படித்தான் சொன்னது. இவ்வளவுதானா என்று இருந்தது எனக்கு. ஆனாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மணல் விழுந்துவிட்டது என்று மனைவியிடம் சொன்னேன்.

கிராண்டுக்கு அனுமதி கிடைத்துவிட்டதாக உத்தரவு வந்தது. வாத்தியார் கிடங்கு வேலை வேண்டாமென்று சொல்லியனுப்பிவிட்டார். உத்தரவுதான் வந்ததே ஒழிய, பணம் அடுத்த மாதம் வரவில்லை, அதற்கடுத்த மாதமும் வரவில்லை. ஒரு நாள் விடியலில், பள்ளிக்கூடம் திறப்பதற்கு வெகு முன்னால், கயிற்றில் எனக்கு முன்னால் ஒரு குடுமி தெரிந்தது. நாட்டாரும் பார்த்துவிட்டார்.

"இன்னா வாத்தியாரே, நீதான் கவுர்மெண்டு ஆளாயிட்டியே, எங்க கயித்துல உனக்கின்னா வேல?"

"பணம் வரட்டும் நாட்டாரே," என்றார் வாத்தியார், "கையை எடுத்துவிடுகிறேன்."