கங்காணி மூச்சுப் பழகிய கதை

மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் நல்லமுத்து கங்காணிக்கு வலது கண்ணில் புரை விழுந்து கனகாலம். இடது கண்ணும் சும்மா பேருக்குத்தான். ஒருநாள் மலையில், "கொழுந்து எடுக்காம என்ன புள்ள வேடிக்க?" என்று தொண்டை கிழியக் கத்தினார். பதிலே இல்லை. இந்தத் திமிருக்கு ஒரு முடிவு கட்டுவோம் என்று கிட்டப் போனால், யாரோ இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கைக் கழற்றிப் போட்டிருந்த மரக்கட்டை. "கட்ட கூட என் பேச்சக் கேக்கலங்க" என்று இப்போது அவரே சொல்லிச் சிரிப்பார். அன்று சிரிக்கவில்லை. கண் தெரியாத கங்காணியைத் தோட்டம் எத்தனை நாளைக்கு வைத்திருக்கும் என்று பயந்துதான் போனார்.

ஆபரேஷன் செய்தால் பார்வை வந்துவிடும். ஆனால் பிரஷர் இறங்கினால்தான் செய்வோம் என்று ஆஸ்பத்திரியில் இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். மாத்திரையெல்லாம் ஒழுங்காகத்தான் போட்டார். கையில் பட்டியைச் சுற்றிக் காற்றடிக்கும்போதே இவருக்குக் குப்பென்று ஏறிவிடும். மலையில் புலி, ஆஸ்பத்திரியில் எலி.

கிளினிக்கில் பிரியந்தி என்ற நர்ஸ், பிரஷர்காரர்களுக்கு யோகா மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தாள். "கண்ண மூடுங்க. நாலு எண்ணி மூக்கால இழுங்க. ஆறு எண்ணி மெதுவா விடுங்க. வேற ஒண்ணையும் நெனைக்காதீங்க."

இழுப்பதும் விடுவதும் பெரிய காரியமில்லை. கண்ணை மூடுவதுதான் நடக்கிற காரியமாக இல்லை. அடுத்தவர் வேலையைப் பார்த்துப் பார்த்தே சம்பளம் வாங்கியவர் அல்லவா? இடது கண்ணை லேசாகத் திறந்து பக்கத்து ஆளைப் பிடித்துவிட்டார். "அண்ணே, நீங்க மூணுலயே விடுறீங்க!"

"ஐயா, நீங்க உங்க மூச்சப் பாருங்க" என்றாள் பிரியந்தி.

"அது நான் பாக்காட்டியும் ஓடும் மிஸ்."

லயத்து வீட்டிலும் பழகினார். சுவருக்கு அந்தப் பக்கம் டிவி அலறும். மூச்சை இழுத்து, அடுத்த காம்பிரா வீட்டை ஒரு பாட்டம் திட்டி, மிச்சமிருந்த மூச்சை விட்டார்.

மூன்றாவது முறை ஆபரேஷனுக்குப் போன அன்று, அவர் உட்கார்ந்த வாங்குப் பலகையிலேயே மீனம்மாவும் இருந்தாள். அவளுக்கும் கண்தான். இருபது வருஷம் இவருக்குக் கீழே கொழுந்து எடுத்து, போன வருஷம்தான் வேலையிலிருந்து நின்றவள். எல்லோரும் பயந்துபோய் உட்கார்ந்திருப்பதைக் கண்டதும் கங்காணிக்குக் கை அரித்தது. "எல்லாரும் கண்ண மூடுங்க! இழு! ம்ம், விடு!" என்று காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களம் போல நடத்தத் தொடங்கிவிட்டார். வாங்கு முழுவதும் கீழ்ப்படிந்தது. ஒவ்வொருவராகப் பிரஷர் பார்த்தார்கள். எல்லோருக்கும் இறங்கியிருந்தது. கங்காணிக்கு மட்டும் ஏறியிருந்தது.

"கொஞ்ச நேரம் இருங்க, திரும்பப் பாப்போம். எறங்கலன்னா வீட்டுக்குத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனாள் பிரியந்தி.

ஊருக்குத்தான் உபதேசம். கங்காணி தலையைக் குனிந்துகொண்டார். இனி வேலை போனது போனதுதான் என்று நெஞ்சு படபடவென்று அடித்தது. மீனம்மா நகர்ந்து பக்கத்தில் வந்தாள்.

"கண்ண மூடுங்க கங்காணி. நான் எண்ணுறேன்."

"நீயா?"

"வேற யாரு இங்க சும்மா இருக்கா? மூடுங்க."

மூடினார். அவள் இரண்டு சொல்வதற்குள் இவர் நாலுக்குப் போய்விட்டார். மீனம்மா அவர் கைமேல் கையை வைத்தாள். கொழுந்து எடுத்துக் காய்த்துப்போன விரல்கள்.

"அவசரமில்ல கங்காணி. மெதுவா. யாரும் வெரட்டல."

இருபது வருஷத்தில் அவர் அவளிடம் ஒரு தடவைகூடச் சொல்லாத வார்த்தை. அது அவருக்கு நன்றாகத் தெரிந்தது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் கண்ணைத் திறக்காமல், அவள் எண்ணிய கணக்குக்கே இழுத்தார், விட்டார். பிரியந்தி வந்து பட்டியைச் சுற்றியதையும் கழற்றியதையும் அவர் கவனிக்கவில்லை.

"எறங்கிருச்சு ஐயா. எழும்புங்க, நீங்கதான் அடுத்து."

நல்லமுத்து கங்காணி எழும்பவில்லை.

"மீனம்மா மொதல்ல போகட்டும் மிஸ்" என்றார். "எனக்கு அவசரமில்ல."