கவுண்டரில் நாற்காலி கிடையாது

கேஷியர் வேலை என்றால் உட்கார்ந்துகொண்டு பட்டனைத் தட்டுகிற வேலை என்று என் சொந்தக்காரர்கள் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் தொழிலில் உட்காருவது என்பது சாப்பாட்டு நேரத்தில் மட்டும் நடக்கிற அதிசயம்.

நான் வேலை செய்வது திகாம் பத்து என்கிற ஊரில், பெரிய சாலையை ஒட்டிய மலிவு விலை மளிகைக் கடை ஒன்றில். பிஸ்கெட்டும் சவர்க்காரமும் வந்த அட்டைப்பெட்டியோடு அப்படியே அடுக்கியிருக்கும். ஏர்கான் அதற்கு மனசு வந்தால் ஓடும். எஸ்டேட் ஜனங்கள், தொழிற்சாலை ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள், செமிலிங் பக்கமிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிறவர்கள் எல்லாரும் எங்கள் வாடிக்கையாளர்கள். பெயர் அட்டையில் சிசிலியா என்று போட்டிருக்கிறது. அதை யாரும் படித்ததில்லை. சின்னப் பிள்ளை முதல் பென்ஷன் வாங்குகிறவர் வரை எல்லாருக்கும் நான் 'அக்கா'.

முன்னால் இருப்பவர் சில்லறை தேடும்போது கூடையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றியபடி நின்றிருக்கிறீர்களே, உங்களிடம் சொல்லாமல் இதை யாரிடம் சொல்ல? நீங்கள் கால் மணி நேரம் நின்றுவிட்டுத் திட்டிக்கொண்டே போவீர்கள். நான் மறுநாளும் அதே இடத்தில் நிற்பேன்.

டாக்டர் சொன்னதும் தம்பி சொன்னதும்

முழங்காலுக்குக் கீழே நரம்பு பச்சையாகச் சுருண்டு கிளம்பிவிட்டது. சாயங்காலம் ஆனால் பாதம் வீங்கி, காலணிக்குள் போக மாட்டேன் என்று அடம்பிடிக்கும். அரசாங்க கிளினிக்கில் இருந்த டாக்டர் பொண்ணு காலை அழுத்திப் பார்த்துவிட்டு, உட்கார்ந்து செய்கிற வேலையாகப் பாருங்கள், இல்லாவிட்டால் இந்த வேலையை விடுங்கள் என்று சொல்லிவிட்டாள். சுலபமாகச் சொல்லிவிட்டாள். என் வயதுக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள்? வீட்டுக்காரரின் ஒரு சம்பளத்தை வைத்து இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்க முடியாது.

நான் தம்பி என்று கூப்பிடுகிற எங்கள் சூப்பர்வைசர் குமரன் என்னைவிட ரொம்பச் சின்னவன், நல்லவன், மேலிடத்துக்குப் பயந்தவன். அவனிடம் போய், கவுண்டருக்குப் பின்னால் எனக்கு ஒரு நாற்காலி வேண்டும் என்று கேட்டேன். சம்பள உயர்வு கேட்டிருந்தால்கூட அவன் அவ்வளவு பதறியிருக்க மாட்டான். தலையைச் சொறிந்தான், சுவரைப் பார்த்தான், கடைசியில் வாயைத் திறந்தான்.

"அக்கா, கேஷியர் உக்காந்திருந்தா கஸ்டமருக்கு மரியாத இல்லன்னு மேல சொல்வாங்க லா. வேணும்னா கால மாத்தி மாத்தி நில்லுங்களேன்."

சீனி

அய்னி என்ற மலாய்ப் பெண் வேலைக்குச் சேர்ந்த புதிது. எஸ்டேட்டிலிருந்து வந்த ஒரு அம்மா அரிசி மூட்டைப் பக்கம் நின்றுகொண்டு அவளைப் பார்த்து, "சீனி" என்றார். நமக்குச் சீனி என்றால் தேத்தண்ணியில் போடுவது. மலாய்க்காரர்களுக்கு 'சினி' என்றால் 'இங்கே'. பிள்ளை கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடி வந்து அம்மா பக்கத்தில் நின்றாள். அம்மா மறுபடியும், "சீனிம்மா, சீனி" என்றார். அய்னி இன்னும் ஒரு அடி நெருங்கி, "சாயா சுடா சினி, மாச்சிக்" என்றாள். நான் இங்கேதான் நிற்கிறேன் அம்மா என்று அர்த்தம்.

இது புரியாத பிள்ளை என்று அம்மா செய்கையில் இறங்கிவிட்டார். விரலை நீட்டிக் காற்றில் தேத்தண்ணி கலக்கிக் காட்டினார். அய்னி அதை உற்றுப் பார்த்தாள். பிறகு தயங்கித் தயங்கி, நின்ற இடத்திலேயே ஒரு சுற்று சுற்றி நின்றாள். எனக்கோ கவுண்டரை விட்டு நகர முடியாது, வரிசை நீளமாக நிற்கிறது. "குலா, அய்னி! குலா!" என்று இங்கிருந்தே கத்தினேன். அவள் முகம் வெளிச்சமாகி, ஓடிப்போய்ச் சீனி பாக்கெட்டோடு வந்தாள். அம்மா அதை என் முன்னால் வைத்து, குரலைத் தாழ்த்தி இரக்கத்தோடு சொன்னார்:

"நல்ல புள்ளதான் அது. ஆனா காது கேக்காது போல, பாவம்."

ஒரு ஆளுக்கு ஒரு பாக்கெட்

அரசாங்க மானிய விலைப் பாக்கெட் எண்ணெய் லாரி வருகிற நாளை எங்களிடம் கேட்காதீர்கள், எங்களுக்கே தெரியாது. ஆனால் எப்படியோ எஸ்டேட்டுக்குத் தெரிந்துவிடும். லாரி நிற்பதற்குள் வாசலில் மோட்டார் நிறைந்துவிடும். ஒரு ஆளுக்கு ஒரு பாக்கெட் என்று கடையில் ஒட்டியிருப்பதால், சண்டை போட்டுப் பேச்சு நின்றுபோன மாமியாரும் மருமகளும்கூட அன்றைக்குச் சேர்ந்தே வருவார்கள்.

ஒருநாள் ஓர் ஆள் கைக்குழந்தையோடு வந்து இரண்டு பாக்கெட்டை வைத்தார். ஒன்றுதான் அண்ணே என்றேன். "இவனும் ஆளுதானே?" என்று குழந்தையை கவுண்டர் மேலேயே உட்கார வைத்துவிட்டார். எனக்குக் கிடைக்காத இடம் அதற்குக் கிடைத்துவிட்டது. அது எண்ணெய்ப் பாக்கெட்டைக் கட்டிப்பிடித்து எச்சில் ஒழுகக் கடிக்கத் தொடங்கியது. வரிசை சிரிக்கிறது. குமரன் ஓடிவந்து, பல்லே முளைக்காத பிள்ளைக்கு எதுக்கு அண்ணே எண்ணெய் என்று கேட்டான். அந்த ஆள் கொஞ்சமும் அசரவில்லை.

"பல்லு மொளைக்கிறதுக்குள்ள எண்ண தீந்துரும் தம்பி, அதான் இப்பவே வந்து வரிசையில நிக்கிறான்."

தலைக்கவசம்

பிளாஸ்டிக் பைக்குக் காசு என்று ஆன நாளிலிருந்து ஜனங்கள் பொருள் எடுத்துப் போகிற விதத்தை வைத்து ஒரு கண்காட்சியே நடத்தலாம். ஒருவர் சார்டின் டின்களை மழைக்கோட்டில் மூட்டை கட்டினார். ஒரு பெண் வெங்காயத்தைத் துப்பட்டாவில் முடிந்தாள்.

மோட்டாரில் வருகிற ஓர் அக்கா, முட்டையை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் ஹெல்மெட்டுக்குள் அடுக்கினார். கீழே கைக்குட்டை விரித்து, மேலே ரொட்டியை வைத்து, அவ்வளவு பக்குவம். எனக்கு அன்று கால் விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது, வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருந்தாலும் மனசு கேட்கவில்லை. முட்டை ஹெல்மெட்டில் போனால் உங்கள் தலைக்கு என்ன அக்கா என்று கேட்டுவிட்டேன். அவர் ஹெல்மெட்டைக் கைக்குழந்தைபோல் இடுப்பில் இடுக்கிக்கொண்டார்.

"தல ஒடஞ்சா ஆஸ்பத்திரியில சும்மா தைச்சி விடுவான். முட்ட ஒடஞ்சா எவன் தைப்பான்?"

சமாதானம்

ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் மூன்று கேள்வி கேட்கவேண்டும் என்பது எங்கள் கடைச் சட்டம்: மெம்பர் கார்டு இருக்கா, பை வேண்டுமா, இன்றைக்குச் சலுகையில் இருக்கிற மிட்டாய் வேண்டுமா. கேட்கிறேனா என்று பார்ப்பதற்கு மேலே கேமரா இருக்கிறது. தூக்கத்தில்கூட இதைக் கேட்கிறேன் என்று வீட்டுக்காரர் சொல்லுகிறார். நான் நம்பவில்லை, மாதா கோயிலில் அது நடக்கும்வரை.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை. நிற்கவேண்டிய நேரத்தில் எல்லாரும் நிற்க, நான் மட்டும் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். ஆண்டவருக்கு என் நரம்பு தெரியும் என்று ஒரு தைரியம். கண் லேசாகச் சொருகிவிட்டது. ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளுங்கள் என்று சாமியார் சொன்னது காதில் விழுந்ததும் திடுக்கிட்டு எழுந்து, பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துக் கைகூப்பி, சிரித்த முகத்தோடு, "பை வேணுமா?" என்றேன். அவர் எங்கள் கடைக்கு வழக்கமாக வருகிறவர். அவரும் கைகூப்பினார்.

"வேணாம் சிஸ்டர், சமாதானத்த கையிலயே கொண்டு போய்க்கிறேன்."

ஸ்டூல் வந்தது

ஒருநாள் வேலை முடிந்து காலணியைக் கழற்ற முடியவில்லை. ஸ்டோர் ரூமில் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து, நானும் அய்னியும் சேர்ந்து இழுத்தோம். அப்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. வலிக்கு இல்லை. இவ்வளவு காலம் நின்றுவிட்டு ஒரு நாற்காலிக்குக் கெஞ்சுகிறோமே என்றுதான். குமரனைக் கூப்பிட்டு, இந்த மாதத்தோடு நின்றுகொள்கிறேன் என்றேன். அவன் பயந்துபோய் மேலிடத்துக்குப் போன் போட்டான்.

மறுநாள் உயரமான ஒரு ஸ்டூல் வந்தது. கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. ஒரு வாரம் கழித்து ஏரியா மேனேஜர் நேரில் வந்து பார்ப்பார். என் கவுண்டரில் வேலை நன்றாக ஓடினால் ஸ்டூல் இருக்கும். ஓடாவிட்டால் ஸ்டூல் ஸ்டோருக்கும் நான் வீட்டுக்கும் போகவேண்டியதுதான்.

உட்கார்ந்தேன். ஆஹா! அந்த முதல் நிமிடத்தைச் சொல்ல எனக்குப் பேச்சு வரவில்லை. ஆனால் என் கவுண்டருக்கு ஒருவரும் வரவில்லை. தூரத்திலிருந்து என்னைப் பார்ப்பார்கள், நேராக, இப்போது பக்கத்துக் கவுண்டரில் கேஷியராக இருக்கிற அய்னியிடம் போய்விடுவார்கள். அவள் வரிசை பிஸ்கெட் தட்டு வரைக்கும் போகிறது, நான் ஈ ஓட்டுகிறேன். தப்பித் தவறி வருகிற ஒன்றிரண்டு பேரும் வயதானவர்களாக இருப்பார்கள். பெரியவர்கள் வந்தால் எழுந்து நிற்கவேண்டும் என்று அடித்து வளர்த்த உடம்பு இது. என்னைக் கேட்காமலே எழுந்துவிடும். கடைசியில் பொறுக்கமாட்டாமல், அய்னி வரிசையில் நின்ற ஒரு அண்ணனைக் கையாட்டிக் கூப்பிட்டேன். அவர் பெருந்தன்மையோடு மறுத்துவிட்டார்.

"பரவால்லக்கா, நீங்க ரெஸ்ட் எடுங்க. பாத்தாலே டயர்டா இருக்கீங்க. நாங்க வெயிட் பண்றோம்."

மேனேஜர் வந்த நாள்

ஏரியா மேனேஜர் ஒரு சீனப் பெண், அதிகம் பேசாதவர். வந்ததும் ஐஸ்கிரீம் பெட்டிப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். அய்னியிடம் நீண்ட வரிசை. என்னிடம் காற்று. ஏன் இப்படி என்று மலாயில் குமரனைக் கேட்டார். குமரன் ஸ்டூலைப் பார்த்தான். என் வேலை இந்த மரக்கட்டை மேல் உட்கார்ந்திருந்தது, எழுந்து நின்றுவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

அப்போதுதான் தெய்வானை அக்கா வந்தார். ரப்பர் தோட்டத்தில் மரம் சீவிப் பால் எடுத்து ஓய்ந்தவர், முட்டிவலிக்காரர். நீண்ட வரிசையில் நிற்கமாட்டாமல் என் பக்கம் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். உடம்பு வழக்கம்போல எழுந்துவிட்டது. அவர் என் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தார். "என்னப் பாத்தா சாமி மாதிரியா இருக்கு, எந்திரிச்சி நிக்கிறதுக்கு?" என்றார். பிறகு திரும்பி அய்னியின் வரிசையைப் பார்த்து ஒரு சத்தம் போட்டார்: "ஏய், இங்கயும் தெறந்துதான் இருக்கு! உக்காந்திருந்தா செத்துட்டான்னு அர்த்தமா?" பாதி வரிசை வெட்கத்தோடு என் பக்கம் நகர்ந்து வந்தது. நான் தலை நிமிராமல் உட்கார்ந்தபடியே பில் அடித்துத் தள்ளினேன். என் கை அவ்வளவு வேகமாக ஓடும் என்று எனக்கே தெரியாது.

மேனேஜர் பக்கத்தில் வந்து பார்த்தார். தெய்வானை அக்கா அவரையும் விடவில்லை. "டியா டுடோக், தாங்ஙான் ஜாலான் ஜுகா. காக்கி மாவ் பிகி மானா?" என்று தோட்டத்து மலாயில் கேட்டார். இவள் உட்கார்ந்தாலும் கை ஓடுகிறதே, கால் எங்கே போகவேண்டும் என்று. மேனேஜர் சிரித்துவிட்டார். ஸ்டூல் இருக்கட்டும், ஆனால் ஜனங்களுக்குத் தெரிகிற மாதிரி ஒரு பலகை வையுங்கள் என்று குமரனிடம் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு வீட்டுக்கு நடந்துதான் போனேன், ஆனால் நடந்த மாதிரியே இல்லை.

இப்போது என் கவுண்டருக்கு மேலே, 'கவுண்டர் திறந்திருக்கிறது' என்று மலாயில் பெரிய எழுத்தில் தொங்குகிறது. பால் டின்னோடு வந்த ஒரு பெண் நேற்று அதை அண்ணாந்து படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். மறுபடியும் பலகையைப் பார்த்தாள்.

"அக்கா, தெறந்திருக்குன்னு போட்டிருக்கு, நீங்க உக்காந்திருக்கீங்க. இதுல எது நெசம்?"

ஒரு பொம்பளை உட்கார்ந்திருந்தால் அவள் வேலை செய்யவில்லை என்று ஊரே நம்புகிற இடத்தில், நான் வேலைதான் செய்துகொண்டிருக்கிறேன் என்று சொல்ல என் தலைக்கு மேல் ஒரு பலகை தொங்கவேண்டியிருக்கிறது.