வெள்ளைக் கப்பல் நின்ற நாட்கள்

துறைமுகத்தில் மூட்டை எண்ணும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது திருவொற்றியூர் கரையில், அலைத் தடுப்புக் கல் ஒன்றில் உட்கார்ந்து, தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களை எண்ணுகிறேன். கடலுக்குப் போகாத வேளைகளில் என் சிநேகிதன் பக்கத்தில் வந்து உட்காருவான். சொந்தமாக ஒரு ஃபைபர் படகு வைத்திருப்பவன். போன மாசியிலிருந்து அவன் அந்தப் பக்கத்துக் கல்லுக்கு மாறிவிட்டான்.

அந்தக் கல் படகுகளுக்கு ஐஸ் விற்கும் வியாபாரியுடையது. செல்போனில் வருவதையெல்லாம் மனப்பாடமாகச் சொல்வார். கூட்டம் அவரைச் சுற்றித்தான்.

"அந்த வெள்ளக் கப்பல் கீது பாரு மாமு, வெளிநாட்டுக் கப்பலு, அது தண்ணிக்கு அடியில சத்தம் வுடுது. மீனெல்லாம் அவங்க நாட்டுப் பக்கம் ஓடிப் பூடுது. அது நிக்கிற அன்னிக்கி எவனுக்காச்சும் மீன் பட்டுச்சா?"

யாருக்கும் நினைவில்லை. எல்லோரும் தலையாட்டினார்கள், என் சிநேகிதன் உட்பட.

மீன் படாத நாளில்தான் இவர்கள் கல்லில் உட்கார்ந்து கடலைப் பார்க்கிறார்கள். பட்ட நாளில் எல்லோர் முதுகும் கடலுக்கு, கண் ஏலக் கூடையில். அன்றைக்கும் கப்பல் அங்கேதான் நிற்கும். பார்ப்பவன் நான் ஒருவன்.

இதை அவர்களிடம் சொன்னேன்.

"சாரு மூட்ட எண்ணிக்கினு இருந்தவரு. மீனப் பத்தி அவருக்கு இன்னா தெரியும்?" என்றார் ஐஸ்காரர். ஒன்பது பேர் சிரித்தார்கள். என் சிநேகிதன் கடைசியாகத்தான் ஆரம்பித்தான். ஆனால் அதிக நேரம் சிரித்தான்.

கப்பல் தெரிந்தால் படகை இறக்குவதில்லை என்று முடிவெடுத்தான். கப்பல் நகரவில்லை. இன்னும் ஒரு நாள் சும்மா கிடந்தால் வேறு படகுக்குப் போய்விடுவோம் என்றார்கள் அவனுடைய இரண்டு ஆட்களும். ஆளில்லாத படகை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்? மறுநாள் விடியலில் இறக்கினான். அவர்கள் சொன்னதற்காக; நான் சொன்னதற்காக அல்ல.

திரும்பியபோது கூடை கூடையாகக் காணாங்கெளுத்தி. ஒரு நாள் மீன் பட்டதால் எதுவும் நிரூபணமாகிவிடாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவனிடம் ஓடினேன்.

"திரும்பிப் பாருடா! கப்பல் அங்கியேதான் நிக்கிது!"

"இப்ப இன்னா கப்பலு? ஏலம் போய்க்கினு கீது. வழி வுடு நைனா," என்றான் கூடையைத் தூக்கியபடி.

கூடையின் மறுபக்கத்தைப் பிடித்திருந்தவர் ஐஸ்காரர்.

என் கல்லுக்கே வந்து உட்கார்ந்தேன். கப்பல்கள் ஏழு, வெள்ளையையும் சேர்த்து. நாளைக்கு மீன் படாவிட்டால், இருவரும் அந்தக் கல்லில் நெருங்கி உட்கார்ந்து அதைப் பார்ப்பார்கள்.